அவன் கேட்டானா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு காதும் தலையை விட்டு விலகி, முன்பக்கம் திரும்பினாற்போல் இருக்கும். தை மாதம் வைத்தீஸ்வரன்கோயிலில் மொட்டை போட்டதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் அதையே சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ‘யானைக்காது’ என்று கூப்பிடுகிறார்களாம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் அடுத்த மாதம் இரண்டு வார லீவில் வருகிறார். அப்போதே ஆபரேஷனை முடித்துவிடலாம் என்கிறார். மாமியாரோ, “காது பெருசா இருந்தா ஆயுசு கெட்டி, கத்தி வைக்காதே” என்கிறார். இதனால் காது கேட்பதில் குறை வருமா? பிறந்து 12 நாளான என் பெண் குழந்தைக்கும் இதே காதுதான். பால் கொடுக்கும்போது காது மடங்கிப்போனதால் வந்ததா? என்ன செய்வதென்று தெரியவில்லை.
வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: கடைசியில் ஒற்றை வரியாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பச்சைக் குழந்தையிடமிருந்து தொடங்குகிறேன். மகன் விஷயத்தில் அவசரமே இல்லை. குழந்தைக்குத்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இந்தப் பகுதியை மட்டும் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். மற்ற தாய்மார்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

பிறந்த சில வாரங்களுக்குக் குழந்தையின் உடம்பில் தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மிச்சம் இருக்கும். அதனால் காதின் குருத்தெலும்பு அப்போது பிசைந்த மாவு மாதிரி வளைந்து கொடுக்கும். மெல்லிய கம்பி வைத்த மென்மையான சிலிக்கோன் குழாயைக் காதின் மடிப்பில் பொருத்தி, மருத்துவ டேப்பால் ஒட்டிச் சில வாரம் வைத்திருந்தால், கத்தியே இல்லாமல் காது படிந்துவிடும். முதல் மூன்று வாரத்துக்குள் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். மாதங்கள் போகப் போகக் குருத்தெலும்பு விறைத்துக்கொள்ளும், பிறகு ஒட்டிப் பயனில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார் என்று பிளாஸ்திரி போட்டு இறுக்கி ஒட்டிவிடாதீர்கள். பிஞ்சுத் தோல் அழுந்திப் புண்ணாகிவிடும். குழந்தை மருத்துவரிடம் காட்டி, இதில் பழகிய பிளாஸ்டிக் சர்ஜனிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் மனதை அரிக்கிற சந்தேகத்துக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். பால் கொடுத்ததாலும் வரவில்லை, படுக்க வைத்த விதத்தாலும் வரவில்லை. காது மடலுக்குள் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு ஓடும், தொட்டுப் பாருங்கள். கருவிலேயே அந்த மடிப்பு சரியாக விழாமல் போனாலோ, காதின் நடுவில் இருக்கும் கிண்ணம் கொஞ்சம் ஆழமாக அமைந்தாலோ மடல் விலகி நிற்கும். குடும்பத்தில் யாருக்காவது இருந்திருக்கும். இரண்டு குழந்தைக்கும் ஒரே காது என்றால், உங்கள் இருவரின் வீட்டுப் பழைய போட்டோக்களைப் புரட்டிப் பாருங்கள். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை, அம்மா. கேட்கும் திறனுக்கும் இதனால் குறைவு கிடையாது. காது மிகச் சிறியதாகவோ, துவாரம் அடைத்தோ பிறந்தால் கட்டாயம் செவித்திறன் சோதனை வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது அதுவல்ல.

இனி பெரியவன். உங்கள் கடிதத்தில் கணவர் பேசுகிறார், மாமியார் பேசுகிறார், கோயிலில் பார்த்தவர்கள் பேசுகிறார்கள், வகுப்புப் பிள்ளைகள் பேசுகிறார்கள். அவன் மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனை யாராவது கேட்டீர்களா?

ஐந்தாறு வயதுக்குள் காது, பெரியவர் அளவில் 85 சதவீதத்துக்கு மேல் வளர்ந்துவிடும். அதனால் 7 வயதில் அறுவை செய்யலாம், வளர்ச்சி கெடாது. ஆனால் 10 வயதிலும் செய்யலாம், 15 வயதிலும் செய்யலாம், கல்யாணத்துக்கு முன்பும் செய்யலாம். பெரியவனானபின் முழு மயக்கம்கூட இல்லாமல், காதை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடிக்க முடியும். காத்திருப்பதால் கை நழுவிப் போவது எதுவும் இல்லை.

சில வருஷத்துக்கு முன் 8 வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். உறவினர்கள் எல்லோருமாகச் சேர்ந்து எடுத்த முடிவு. பெரியவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “உனக்கு மூணு வரம் தர்றேன், என்ன வேணும்?” என்று கேட்டேன். சைக்கிள் வேண்டும் என்றான். ஆட்டுக்குட்டி வேண்டும் என்றான். துபாயில் இருக்கும் அப்பா ஊரோடு வந்துவிட வேண்டும் என்றான். காதைப் பற்றிப் பேச்சே இல்லை. “உன் காது எப்படி?” என்று நானே கேட்டபோதும், “நல்லாத்தான் கேக்குது” என்றான். திருப்பி அனுப்பிவிட்டேன்.

திருவையாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து 11 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். இரட்டைச் சடையை எப்போதும் காதுக்கு மேல் இறக்கி இழுத்துப் பின்னியிருப்பாள். அவளும் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசினாள். ஆடிப்பெருக்கன்று சித்தி பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லாம் காவிரியில் இறங்கி முழுகுவார்களாம். இவள் மட்டும் இரண்டு வருஷமாகப் படித்துறையில் எல்லார் துணிக்கும் காவலாக உட்கார்ந்திருக்கிறாள். தலை நனைந்தால் முடி ஒட்டிக்கொண்டு காது தெரிந்துவிடும் என்ற பயம். “எனக்குச் செஞ்சு விடுங்க டாக்டர்” என்று அவளே கேட்டாள். அவளுக்குச் செய்தேன், தயக்கமே இல்லாமல். அந்தப் பெண் பட்ட வேதனையை ‘அழகுக்கு ஆசைப்படுகிறாள்’ என்று தள்ள எனக்கு மனம் வராது. அடுத்த ஆடியில் அவள் ஈரத் தலையோடு நிற்கும் படத்தை அவள் அம்மா அனுப்பியிருந்தார்.

ஆகவே உங்கள் மகனிடம் தனியாகப் பேசுங்கள். சோறு ஊட்டும்போதோ தூங்கப்போகும்போதோ பேசலாம். காதைப் பற்றித் தொடங்காதீர்கள், பள்ளிக்கூடத்தைப் பற்றித் தொடங்குங்கள். அந்தப் பட்டப்பெயர் அவனை அழ வைக்கிறதா, பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறானா, போட்டோவுக்கு நிற்க மறுக்கிறானா என்று கவனியுங்கள். வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, பெயர் வைத்துக் கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு முன் வீட்டில் பாருங்கள். தாய்மாமனோ சித்தப்பாவோ செல்லமாக வைத்த பெயர்தான் பல சமயம் தெருவழியாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேருகிறது. இன்னொன்று, மொட்டைத் தலையில் எந்தக் காதும் எடுத்துத்தான் தெரியும். முடி வளரட்டும். சலூனில் ஒட்ட வெட்டாமல் பக்கவாட்டில் கொஞ்சம் விடச் சொல்லுங்கள்.

மாமியார் சொல்லும் ஆயுசுக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று வீட்டில் ஒருவர் உறுதியாக நிற்பது அவனுக்கு நல்லது. தஞ்சைக் கலைக்கூடத்துச் சோழர் செப்புத் திருமேனிகளின் காது தோள் வரை தொங்குகிறது, அதை அழகென்றுதான் வார்த்திருக்கிறார்கள்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். லீவு தேதியை வைத்து அறுவைத் தேதி குறிக்க வேண்டாம். வந்திருக்கும் இரண்டு வாரம் மகனோடு இருக்கட்டும், அவரே அவனிடம் கேட்கட்டும்.

அவன் வேண்டும் என்று சொன்னால், எதற்குத் தயாராகிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். முழு மயக்கத்தில், காதின் பின்பக்கம் கீறி, குருத்தெலும்பை மடித்துத் தையல் போடுவோம். இரண்டு காதுக்கும் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். தலையைச் சுற்றிக் கட்டு ஏறக்குறைய ஒரு வாரம். பிறகு சில வாரம் இரவில் துணிப் பட்டை கட்டிப் படுக்க வேண்டும். தையல் தளர்ந்து காது மறுபடி விலகுவதுண்டு. இரண்டு காதும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாகவும் அமையாது. சளி, காய்ச்சல் இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடுவோம்.

நம்மவர்களுக்கு நான் முக்கியமாகப் பார்ப்பது கீலாய்டு, அதாவது தழும்பு புடைத்து வளர்ந்துகொண்டே போவது. நம் தோலுக்கு அந்தப் போக்கு கூடுதல். காது குத்திய இடத்திலோ, இடது தோளில் பிசிஜி ஊசி போட்ட இடத்திலோ அவனுக்குத் தழும்பு தடித்திருக்கிறதா, உங்களுக்கோ கணவருக்கோ அப்படி உண்டா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இருந்தால் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

முதல் இரண்டு நாளில் ஒரு காதில் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் தேங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றே கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விட்டால் குருத்தெலும்பு கெட்டுவிடும். உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் வந்து சேர நேரம் பிடிக்கும். ஆகவே அந்த நாட்களில் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். அழகுக்கான அறுவை என்று காப்பீட்டில் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறையில் செய்வதானால் பள்ளி மூடிய உடனே செய்துவிடுங்கள். சுமார் ஆறு வாரம் நீச்சல், கபடி எதுவும் கூடாது. வெயிலில் கட்டுக்குள் வியர்க்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தள்ளிப்போட்டு மே கடைசியில் செய்தால், வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும்போது காது ஆறியிருக்காது, அவனைக் கரையில் நிறுத்தி வைக்கவும் உங்களால் முடியாது.