‘சாகணும்னு தோணுதா?’ என்று கேட்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டும் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். என்னிடம் 6 வருடமாகக் கம்பி கட்டும் தம்பிக்கு வயது 34. மழையில் வேலை நின்று குழுக்கடன் தவணை தவறியதிலிருந்து ஆளே மாறிவிட்டான். தூக்கமில்லை, தினமும் குடி. “நான் போய்ட்டா எல்லாருக்கும் நிம்மதி” என்று நேற்று சொன்னான். இதைப் பற்றிக் கேட்டால் நாமே நினைப்பூட்டியது போலாகுமா? அவனைச் சாரத்தில் ஏற்றலாமா?

பதில்: கேளுங்கள், இன்றைக்கே. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. உள்ளே இருந்தால் வெளியே வரும். சம்பளம் போடும் நேரத்திலோ, நாலு பேர் நடுவிலோ, அவர் குடித்திருக்கும்போதோ வேண்டாம். வேலை முடிந்ததும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் ஓரமாக உட்காருங்கள். “கொஞ்ச நாளா நீ சரியில்ல. சாகணும்னு தோணுதா?” இதே சொல்லில் கேளுங்கள். “தப்பா ஒண்ணும் நினைக்கலியே?” என்று கேட்டால் “இல்லண்ணே” என்றுதான் வரும். ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. “பிள்ளைகளை நினைச்சுப் பாரு” என்ற உபதேசம் மட்டும் வேண்டாம். தானே வீட்டுக்குப் பாரம் என்று நம்புகிறவருக்கு அது இன்னொரு குற்றவுணர்வு.

வழியும் நேரமும் முடிவு செய்திருந்தால் ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நீங்களே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். எண்ணம் மட்டும்தான் என்றால் ஓரிரு நாளுக்குள் மனநல மருத்துவரிடம். இடையில் 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்) 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் பேசும்; உங்கள் சைட்டில் ஒடிசா, வங்காள ஆட்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும்.

வீட்டாரிடம் சொல்லி, பூச்சிமருந்து, ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட், மிச்ச மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டைவிட்டே அகற்றச் சொல்லுங்கள். உயிராபத்து இருக்கும்போது அவருடைய ரகசியம் காக்கவேண்டும் என்று தயங்க வேண்டியதில்லை. தற்கொலை உந்துதல் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரம் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

குடி விஷயத்தில் நல்லெண்ணமே ஆபத்தாகிவிடும். “நாளையிலிருந்து தொடமாட்டேன்” என்று சத்தியம் வாங்காதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் ஆளும் இடமும் தெரியாத பிதற்றல் வரலாம், அதில் உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையும் தயாமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்து நிறுத்தலாம்.

சாரத்தில் ஏற்றாதீர்கள். தூக்கமின்மை, குடியால் வரும் கைநடுக்கம், மாத்திரையின் ஆரம்ப மயக்கம் மூன்றும் உயரத்துக்கு ஆகாது. கட்டிங் மெஷினுக்கும் ஆகாது. அதற்காக “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு” என்று அனுப்பிவிடாதீர்கள். வீட்டில் அவருக்குக் காத்திருப்பது ரெஸ்ட் அல்ல, தவணை கேட்க வருபவர்கள். கீழே ரிங் வளைக்க, கம்பி எண்ணிப் பிரிக்க, கூட ஒரு ஆளோடு, அதே சம்பளத்தில் வையுங்கள். முன்பணம் கொடுப்பதாக இருந்தால் மொத்தமாக வேண்டாம். தவணை நாளில் தேவையான அளவுக்கு வீட்டார் கையில். தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கவும் கூடப் போங்கள்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே “ஒண்ணும் கேக்கல” என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். ஒரு வாரத்துக்கான மாத்திரை மட்டும், அதுவும் வீட்டார் கையில் இருக்கட்டும்.

நெடுநாள் சோர்ந்திருந்தவர் திடீரென அமைதியாகி, கடன் வாங்கிய சாமானைத் திருப்பித் தருகிறார் என்றால் தேறிவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். முடிவெடுத்துவிட்ட அமைதியாகவும் இருக்கலாம், திரும்பக் கேளுங்கள். நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று வேலை இரண்டு தடவை நிற்கும். அந்த நாட்களில் காலையில் ஒரு போன் போடுங்கள். எடுக்கவில்லையென்றால் ஆள் அனுப்புங்கள்.