இடைவெளி இருக்கட்டும், கோரைப்பல் எங்கே?

“என் மகளுக்கு 11 வயது. முன்பற்களுக்கு நடுவே இடைவெளி. கீழ்ப்பற்கள் லேசாகக் கோணல். வலது மேல் கோரைப்பல் போன வருடமே முளைத்துவிட்டது, இடதுபக்கம் இன்னும் பால்பல்தான். தொடக்கநிலை ஐந்தில் அவள் தோழிகள் பலர் கம்பி போட்டுவிட்டார்கள். இப்போதே போடாவிட்டால் காலம் கடந்துவிடுமா? இணையத்தில் பார்த்து, இடைவெளியை மூட ரப்பர் வளையம் வாங்கியிருக்கிறேன்.” – ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

முதலில் அந்த வளையத்தைக் குப்பையில் போடுங்கள். பல் வேரை நோக்கிக் கூம்பிக்கொண்டே போகும். அதனால் வளையம் வழுக்கி ஈறுக்குள் ஏறி, உள்ளே எலும்பை அரித்துவிடும். இப்படி நல்ல முன்பற்களையே இழந்த பிள்ளைகள் உண்டு. இணையத்தில் அதைக் காட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அந்த இடைவெளி இந்த வயதில் சகஜம். கோரைப்பல் இரண்டும் இறங்கும்போது பெரும்பாலும் தானாகவே குறையும். கீழ்ப்பல் கோணலுக்கும் அவசரமில்லை. தோழிகள் கம்பி போட்டிருப்பது உங்கள் மகளின் வாயைப் பற்றி எதையும் சொல்லாது.

என்னை நிறுத்தியது அந்த இடதுபக்கப் பால்பல்தான். மேல் கோரைப்பல் வழக்கமாக 11, 12 வயதில் முளைக்கும். 10 வயதிலேயே பால்பல்லுக்கு மேலே ஈறைத் தடவினால் புடைப்பு விரலில் தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் முளைத்து ஆறு மாதம் தாண்டியும் மறுபக்கம் வரவில்லை, புடைப்பும் இல்லை என்றால், அந்தப் பல் அண்ணத்தின் பக்கம் திரும்பிப் படுத்திருக்கலாம். வலிக்காது. ஆனால் பக்கத்துப் பல்லின் வேரைச் சத்தமில்லாமல் கரைத்துவிடக்கூடும். இப்போதே எக்ஸ்ரேயில் தெரிந்தால், பால்பல்லைப் பிடுங்கி வழிவிட்டாலே பல நேரம் அது நேராக இறங்கிவிடும். 15 வயதில் தெரிந்தால் பெரும்பாலும் அண்ணத்தைக் கீறிச் சங்கிலி மாட்டி இழுக்க வேண்டிவரும்.

பல் சீரமைப்பு யாருக்கு அவசியம் என்று பார்க்க 1989இல் பிரிட்டனில் வெளிவந்த ஐந்து படி அளவுகோல் ஒன்று உண்டு. லேசான கோணல் அதில் முதல் இரண்டு படிகளில் நின்றுவிடும். 9 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தும் எத்துப்பல்லும், வழியின்றிப் புதைந்த பல்லும் சிகிச்சை மிக அவசியமான ஐந்தாம் படி. அழகாகச் சிரிக்கிற பிள்ளையும் ஐந்தாம் படியில் இருக்கலாம் என்பதுதான் பெற்றோருக்குத் தெரிவதில்லை. பல்கம்பிக்குச் சில ஆயிரம் வெள்ளி ஆகும், மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் எடுக்க முடியாது. எனவே தேவை தெரியாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

இந்த மாதமே பள்ளிப் பல் மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். “கம்பி போடலாமா?” என்று கேட்க வேண்டாம். “இடது கோரைப்பல் எங்கே இருக்கிறது?” என்று கேளுங்கள்.