பம்பு அடைக்கிறதா? கான்கிரீட் அட்மிக்சர் (கலவையில் சேர்க்கும் கெமிக்கல்) கேள்வி பதில்

காரைக்குடியிலிருந்து: மூன்றாம் மாடித் தளம் போடும்போது பம்பு பைப்பு அடைத்துக்கொள்கிறது. எந்த கெமிக்கல் ஊற்றலாம்?

முதலில் மணலைப் பாருங்கள். பம்பு அழுத்தும்போது சிமெண்டுப் பால் முன்னால் ஓடி, ஜல்லி பின்தங்கி வளைவில் சிக்கும். எம்-சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) 300 மைக்ரான் சல்லடையில் இறங்கும் பொடி 15 சதவீதமாவது இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால், பாலிகார்பாக்சிலேட் வகை சூப்பர் பிளாஸ்டிசைசர் போடலாம். ஒட்டிக் கிடக்கும் சிமெண்டுத் துகள்களை அது பிரித்துவிடுவதால், தண்ணீர் கூட்டாமலே கலவை இளகும். பொதுவாக 50 கிலோ மூட்டைக்கு 250 முதல் 500 கிராம். கம்பெனி தாளையும் பாருங்கள். ஸ்லம்ப், அதாவது கூம்பு அச்சை எடுத்ததும் கலவை இறங்கும் அளவு, 100 முதல் 150 மி.மீ. போதும். கூடினால் ஜல்லி பிரிந்து மறுபடி அடைக்கும்.

தேவகோட்டையிலிருந்து: கெமிக்கலுக்குப் பதில் லாரியில் நாலு குடம் தண்ணீர்?

ஊற்றாதீர்கள். வலுவும் போகும், அடைப்பும் போகாது.

கானாடுகாத்தானிலிருந்து: ஐயா காலத்து வீட்டுச் சாந்தில் கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளை எல்லாம் உண்டு. அதையே கான்கிரீட்டில் போட்டால் என்ன?

அது சுண்ணாம்பு. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல இறுகும். சிமெண்டு தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவது. சர்க்கரை அதைத் தடுக்கும். மூட்டைக்கு 25 கிராம் சர்க்கரையே இறுக்கத்தை மணிக்கணக்கில் தள்ளிப்போடும். கை நிறைய கருப்பட்டி போட்டால் சென்டரிங் (தளத்தைத் தாங்கும் முட்டும் பலகையும்) பிரிக்கவே முடியாமல் போகலாம். பழைய வீட்டுச் சுவரைப் பழுது பார்க்க அந்தச் சாந்தே நல்லது. தளத்துக்கு வேண்டாம்.

பள்ளத்தூரிலிருந்து: கம்பெனி டப்பாவிலும் சர்க்கரை வகைதானே இருக்கிறது? அது மட்டும் ஆகுமா?

நல்ல அடி! சோடியம் குளுக்கோனேட் அந்த உறவுதான். வெயிலில் தூர லோடுக்கு இறுக்கத்தைத் தாமதிக்கச் சேர்ப்பார்கள். ஆனால் அது சோதித்து, எடை போட்டுச் சேர்ப்பது. உங்கள் கருப்பட்டியில் எவ்வளவு சர்க்கரை என்று கடைக்காரருக்கே தெரியாது.

கானாடுகாத்தான் மறுபடி: அப்போ காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடெல்லாம் எப்படி நிற்கிறது?

சுண்ணாம்பில், ஐயா. சொல்லிவிட்டேனே.

புதுவயலிலிருந்து: மாடியில் ஒழுகுகிறது, இதே கெமிக்கல் பூசலாமா?

பூச்சு வேலை இதற்கில்லை. வாட்டர்ப்ரூபிங் ஆளைக் கூப்பிடுங்கள்.

கோட்டையூரிலிருந்து: கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர்...

தேவகோட்டைக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

காரைக்குடி மறுபடி: கெமிக்கலை எப்போது ஊற்றுவது?

காய்ந்த சிமெண்டு மேல் நேராக வேண்டாம். முக்கால் பங்கு தண்ணீர் போட்டுச் சுற்றவிட்டு, மீதித் தண்ணீரோடு ஊற்றுங்கள். அப்புறம் நன்றாகச் சுற்றவிட்டு ஸ்லம்ப் பார்த்துவிட்டுப் பம்பில் கொட்டுங்கள். அதற்கு முன் சிமெண்டுக் குழம்பு ஓட்டிப் பைப்பை நனைத்துவிடுங்கள்.