மண்ணில் கோடு போடுவது யார்?

கேள்வி: ஃபோர்ட் கேனிங் குன்றில் அகழாய்வுக் குழியைப் பார்த்துவிட்டு வந்த என் மகள், "இப்போது படம் எடுத்தால் கணினியே முப்பரிமாணத்தில் வரைந்துவிடும், பென்சிலும் பேப்பரும் எதற்கு?" என்கிறாள். அவள் சொல்வது சரியா?
- வாசகி, தெம்பனிஸ், சிங்கப்பூர்

பதில்: பாதி சரி, அம்மா. 1984இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அந்தக் குன்றில் தோண்டத் தொடங்கியபோது இந்த வசதி இல்லை. இன்று ஒன்றன்மேல் ஒன்று படியும்படி குழியைச் சுற்றிப் படமெடுத்தால், மென்பொருள் பொதுப் புள்ளிகளைப் பொருத்தி உருவத்தைக் கட்டிவிடும். டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் அளந்த சில குறிகள் படத்தில் இருந்தால் அளவும் துல்லியம். பகல் இரண்டு மணிக்கு வானம் கறுக்கும் நம் ஊரில் அது பெரிய வரம்.

ஆனால் கேமராவுக்குத் தெரிவது மேல்தோல்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அகழாய்வில் தொண்டூழியராக இருந்தேன். கொத்தனார் கரணை மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, அடுக்கு அடுக்காக வழிக்கச் சொன்னார்கள். எல்லாம் ஒரே பழுப்பு மண். ஒரே அடுக்கு என்று வழித்துத் தள்ளினேன். மறுநாள் குழியின் பக்கச்சுவரை வரையும் வேலை. நூல் கட்டி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். காய்ந்த சுவரில் தண்ணீர் தெளித்ததும் ஒரு கரிய பட்டை தொட்டில் போல் கீழே குழிந்து தெரிந்தது. பிற்காலத்தில் யாரோ வெட்டி மூடிய பள்ளம்! அதற்குள் இருந்ததையும் வெளியே இருந்ததையும் ஒரே பையில் போட்டிருந்தேன்: 14ஆம் நூற்றாண்டுச் சீனாவின் லோங்சுவான் பச்சைப் பீங்கான் ஓடு, கூடவே சோடா பாட்டில் கண்ணாடி. முதல் நாள் எடுத்த முப்பரிமாணப் படம் பிரமாதமாகத்தான் இருந்தது. என் தப்பையும் சேர்த்துத் துல்லியமாகக் காட்டியது.

கோட்பாடெல்லாம் வகுப்பறைச் சமாசாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். துருக்கியில் சத்தால்ஹோயுக் என்ற புதிய கற்கால ஊரைப் பல ஆண்டுகள் தோண்டிய தொல்லியலாளர் இயன் ஹாடர், கரணை மண்ணில் படும்போதே விளக்கம் தொடங்கிவிடுகிறது என்பார். எது முந்தியது, எது பிந்தியது என்று அடுக்குகளைக் கட்டம் போட்டுக் காட்டும் ஹாரிஸ் மேட்ரிக்ஸ் 1973இல் வந்தது. அதைக் கணினியில் வரையலாம். எது எதை வெட்டுகிறது என்பதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

பென்சில்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. இப்போது முப்பரிமாணப் படத்தின் மேலேயே டேப்லெட்டில் கோடு போடுகிறார்கள். குழியின் முன்னால் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே போட்டால் சரி. அப்புறம் அலுவலகத்தில் ஏசியில் போடலாம் என்றால் முடியாது. அதற்குள் அந்த மண் இருக்காது.

அந்தப் பையின் மேல் பென்சிலால் "மிக்ஸ்ட்" என்று எழுதியது என் கைதான்.