மெயில் போகாமல் மீட்டிங்கைத் திருத்த முடியுமா? – கேள்வி பதில்

அலுவலக மெயிலையும் காலண்டரையும் கவனித்துக்கொள்ளும் வேலையில் பல வருடங்கள் இருந்தவள் நான். என்னிடம் அதிகம் வந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "மீட்டிங்கில் ஒரு சின்ன மாற்றம் செய்யணும், எல்லாருக்கும் மெயில் போகக் கூடாது." இம்முறை வந்த கேள்விகளும் அதையே பல பக்கத்திலிருந்து கேட்கின்றன.

கேள்வி: மேடம், தலைப்பில் ஓர் எழுத்துப்பிழை. திருத்திச் சேமித்தேன். நாற்பது பேருக்கும் அப்டேட் மெயில் போய், ஆளாளுக்கு "என்ன மாறியது?" என்று கேட்டுவிட்டார்கள். கூகுள் காலண்டரில் இதைத் தவிர்க்க முடியாதா?

முடியும். சேமிக்கும்போது ஒரு சிறு பெட்டி வந்து, கெஸ்ட்களுக்கு, அதாவது அழைக்கப்பட்டவர்களுக்கு, மெயில் அனுப்பவா என்று கேட்கும். அதில் "சென்ட்", "டோன்ட் சென்ட்" இரண்டும் இருக்கும். அவசரத்தில் நாம் படிக்காமலே "சென்ட்" அழுத்திவிடுகிறோம். எழுத்துப்பிழைக்கு "டோன்ட் சென்ட்" போதும்.

ஆனால் அந்தப் பொத்தான் நிறுத்துவது மெயிலை மட்டும்தான். மாற்றத்தை அது மறைப்பதில்லை. கூகுள் காலண்டர் வைத்திருக்கும் எல்லாரும் அடுத்த முறை திறந்து பார்க்கும்போது புதிய தலைப்பையே பார்ப்பார்கள். மெயில் போகாமல் இருப்பது வேறு, மாற்றம் போகாமல் இருப்பது வேறு. இந்த வேறுபாடு பிடிபட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

கேள்வி: எங்கள் ஆபீஸில் அவுட்லுக். அந்த மாதிரிப் பெட்டி எதுவும் வரவில்லையே?

அவுட்லுக் வேலை செய்யும் விதமே வேறு. அங்கே ஒவ்வொருவர் காலண்டரிலும் மீட்டிங்கின் தனிப் பிரதி ஒன்று இருக்கும். அமைப்பாளரின், அதாவது மீட்டிங்கைப் போட்டவரின், பிரதிதான் மூலம். மூலத்தில் நடந்த மாற்றம் மற்ற பிரதிகளுக்குப் போய்ச் சேருவதே அப்டேட் மெயில் வழியாகத்தான். அதனால்தான் அவுட்லுக் "அனுப்பு" என்று பிடிவாதம் பிடிக்கிறது. பழைய டெஸ்க்டாப் பதிப்புகளில் அனுப்பாமல் சேமிக்கும் வாய்ப்பு இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்களுக்கு என்ன ஆனது தெரியுமா? அவர்கள் காலண்டரில் மூன்று மணி, மற்ற எல்லார் காலண்டரிலும் இரண்டு மணி. யாரும் பொய் சொல்லவில்லை, எல்லார் திரையிலும் ஏதோ ஒன்று தெரிந்தது, மீட்டிங் மட்டும் நடக்கவில்லை.

உங்களுக்கு மட்டும் தேவையான மாற்றங்களை, அதாவது வண்ண வகை, உங்கள் ரிமைண்டர், பிஸியா ஃப்ரீயா என்பது, இவற்றை நீங்கள் தாராளமாக மாற்றலாம். அவை உங்கள் பிரதியோடு நிற்கும்.

கேள்வி: இரண்டுமே காலண்டர்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்?

எனக்குப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வெவ்வேறு நிறுவனங்களின் காலண்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஐகாலண்டர் என்றொரு பொது மொழி இருக்கிறது. 1998-இல் முதல் வடிவம் வந்தது. 2009-இல் ஆர்எஃப்சி 5545 என்ற எண்ணில் திருத்தி வெளியிட்டார்கள். ஆர்எஃப்சி என்பது இணையத்தின் பொது விதிகளை எழுதி வெளியிடும் ஆவண வரிசை. அழைப்பு அனுப்புவது, பதில் சொல்வது, ரத்து செய்வது எல்லாம் எப்படி நடக்க வேண்டும் என்பதை அதே ஆண்டு வந்த ஆர்எஃப்சி 5546 சொல்கிறது. அந்தச் செய்திகளை மெயிலில் வைத்து அனுப்பும் முறை 2010-இல் வந்த ஆர்எஃப்சி 6047.

ஒவ்வொரு மீட்டிங்குக்கும் மாறாத அடையாளக் குறி ஒன்று உண்டு. அதோடு ஒரு வரிசை எண்ணும் உண்டு. தொடங்கும் நேரம், முடியும் நேரம், திரும்பத் திரும்ப வரும் விதி போன்றவை மாறினால் அமைப்பாளரின் காலண்டர் அந்த எண்ணைக் கட்டாயம் கூட்ட வேண்டும். பெறுகிற காலண்டர் எண்ணைப் பார்த்து, "என்னிடம் இருப்பது பழசு" என்று புரிந்துகொள்ளும். எழுத்துப்பிழை அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. எது பெரிய மாற்றம், எது சின்ன மாற்றம் என்று விதியை எழுதியவர்களே கோடு போட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நடக்கும் இடம் அந்தப் பட்டியலில் இல்லை. என் பட்டியலில் அது நிச்சயம் உண்டு. ஆட்கள் தவறான அறைக்குப் போய் நிற்பதும் தவறான நேரத்துக்கு வருவதும் ஒன்றுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கூகுள் பயனர்கள் தங்களுக்குள் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள், மெயில் இல்லாமலே மாற்றம் தெரிந்துவிடும். கூரைக்கு வெளியே இருப்பவருக்கு, உதாரணமாக நீங்கள் கூகுளில் இருந்து அவர் வேறு காலண்டரில் இருந்தால், மெயில் ஒன்றுதான் பாதை. அந்தப் பாதையை மூடிவிட்டால் அவர் பழைய அழைப்பை நம்பியே உட்கார்ந்திருப்பார்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை மீட்டிங்கை அரை மணி நேரம் தள்ளிவைத்து, "எதற்கு இத்தனை பேரைத் தொந்தரவு செய்ய வேண்டும்" என்று மெயில் அனுப்பாமல் சேமித்தேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் புதிய நேரத்துக்குச் சரியாக வந்தார்கள். வெளி நிறுவனத்திலிருந்து அழைத்திருந்த மூன்று பேர் அரை மணி நேரம் முன்பே இணைந்து, வெற்றுத் திரையைப் பார்த்துக் காத்திருந்து, ஒருவர் கிளம்பியே போய்விட்டார். தவறு என்னுடையது. அன்றிலிருந்து கெஸ்ட் பட்டியலில் வெளி முகவரி இருக்கிறதா என்று பார்க்காமல் நான் "டோன்ட் சென்ட்" அழுத்துவதில்லை.

கேள்வி: ஏற்கெனவே முப்பது பேர் இருக்கும் மீட்டிங்கில் ஒருவரை மட்டும் சேர்க்கணும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அவுட்லுக்கில் ஆட்களின் பட்டியலை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புங்கள். "சேர்த்தவர், நீக்கியவருக்கு மட்டும்" அனுப்பவா, "எல்லாருக்கும்" அனுப்பவா என்று கேட்கும். முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். கூடவே நேரத்தையோ குறிப்பையோ தொட்டுவிட்டால் கணக்கு மாறிவிடும், எல்லாருக்கும் போகும். ஒரு நேரத்தில் ஒரு வேலை.

இன்னொரு வழி, அழைப்பை அவருக்கு ஃபார்வர்டு செய்வது. அமைப்பாளர் அல்லாதவரும் இதைச் செய்யலாம். ஃபார்வர்டு ஆன தகவல் அமைப்பாளருக்கு மட்டும் போகும், மற்றவர்களுக்குப் போகாது. அமைப்பாளர் ஃபார்வர்டை முடக்கி வைத்திருந்தால் இது நடக்காது.

கூகுளில் கெஸ்ட்டை மட்டும் சேர்த்துச் சேமித்தால் புதியவருக்கு அழைப்பு அனுப்பவா என்று கேட்கும். அவருக்கு அனுப்புங்கள். அழைத்துவிட்டு அழைத்ததைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

கேள்வி: ஒருவரை நீக்க வேண்டும். அவருக்கே தெரியாமல்…

கூகுளில் மெயில் அனுப்பாமல் நீக்கினால், அவரும் கூகுள் காலண்டர் வைத்திருந்தால், அவர் காலண்டரிலிருந்து அது ஓசையில்லாமல் மறைந்துவிடும். வழி இருக்கிறது, ஆனால் செய்யாதீர்கள். அந்த நேரத்துக்கு அவர் ஏதாவது தயார் செய்துகொண்டிருப்பார். அவருக்கு மட்டும் ஒரு வரி எழுதிவிட்டு நீக்குங்கள். மற்ற முப்பது பேருக்குச் சொல்லத் தேவையில்லை.

அவுட்லுக்கில் ஒரு சிக்கல் உண்டு. அவரை நேரடியாக அழைக்காமல் ஒரு குழு முகவரி வழியாக அழைத்திருந்தால், நிரல் வழியாக அவரை நீக்கும்போது எல்லாருக்கும் அப்டேட் போகும். நிரல்கள் அவுட்லுக்கோடு பேச உதவும் மைக்ரோசாஃப்ட் கிராஃப் என்பதன் ஆவணத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். அடிக்கடி ஆள் மாறும் மீட்டிங்குக்குக் குழு முகவரியைப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: அக்கா, நான் வாராவாரம் நடத்தும் மீட்டிங்கின் அஜெண்டாவை ஒவ்வொரு முறையும் குறிப்பில் மாற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் மெயில். எல்லாரும் சலித்துக்கொள்கிறார்கள்.

சலிப்பதோடு நின்றால் பரவாயில்லை தம்பி, அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அப்டேட் மெயில் அடிக்கடி வந்தால் யாரும் திறப்பதில்லை. உண்மையிலேயே நேரம் மாறும் நாளில் அந்த மெயிலையும் திறக்க மாட்டார்கள்.

அஜெண்டாவைக் காலண்டரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். பகிரக்கூடிய ஆவணம் ஒன்றைத் திறந்து, அதன் லிங்க்கை மட்டும் அழைப்பின் குறிப்பில் ஒரே ஒரு முறை போடுங்கள். அதன் பிறகு ஆவணத்தைத் தினம் பத்து முறை மாற்றினாலும் காலண்டர் மெயில் ஒன்றுகூடப் போகாது. கூகுள், அவுட்லுக், ஆப்பிள் எதுவானாலும் இது வேலை செய்யும். வெளியாட்களுக்கும் ஆவணத்தைப் பார்க்கும் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அமைதியாகத் திருத்த எனக்குத் தெரிந்த வழிகளிலேயே சிறந்தது இதுதான்.

குறிப்பைத் திருத்தியே ஆக வேண்டுமென்றால் வீடியோ அழைப்பின் லிங்க் இருக்கும் பகுதியில் கை வைக்காதீர்கள். அதைத் தெரியாமல் அழித்துவிட்டு, பிறகு லிங்க் எங்கே என்று தேடியவர்கள் நிறைய.

கேள்வி: தொடர் மீட்டிங்கின் நேரத்தை இனிமேல் மாற்ற வேண்டும். பழையவை அப்படியே இருக்கணும்.

"எல்லா நிகழ்வுகளும்" என்பதைத் தொடாதீர்கள். அதைத் தொட்டால் நடந்து முடிந்தவையும் மாறும், இடையில் ஒரு வாரம் மட்டும் தள்ளி வைத்திருந்தால் அந்தத் தனித் திருத்தமும் போய்விடலாம். கூகுளில் "இதுவும் இனி வருபவையும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது தொடரை இரண்டாக வெட்டிவிடும். அவுட்லுக்கில் பழைய தொடருக்கு முடிவுத் தேதி போட்டு, புதிய நேரத்தில் புதிய தொடரைத் தொடங்குங்கள். இரண்டு மெயில் போகும், போகட்டும். இது சொல்ல வேண்டிய மாற்றம்.

கேள்வி: நேரத்தை மாற்றி, யாருக்கும் அனுப்பாமல் வைத்துவிட்டு, நேரில் சொல்லிக்கொள்ளலாமா? ஐந்து பேர்தான்.

அவுட்லுக் என்றால் ஆறாவதாக ஒருவர் இருக்கிறார்: மீட்டிங் அறை. அறைக்கும் ஒரு மெயில்பெட்டி உண்டு. அழைப்பு வந்தால் அது தானாகவே பதில் சொல்லித் தன்னைப் பதிவு செய்துகொள்ளும். அப்டேட் போகவில்லையென்றால் அறை பழைய நேரத்திலேயே இருக்கும். நீங்கள் ஐந்து பேரும் புதிய நேரத்தில் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே வேறு கூட்டம் நடந்துகொண்டிருக்கும்.

கேள்வி: நான் அமைப்பாளர் இல்லை, அழைக்கப்பட்டவன். நான் தலைப்பை மாற்றினால் மற்றவர்களுக்குத் தெரியுமா சார்?

சார் இல்லை, மேடம். கூகுளில் அமைப்பாளர் கெஸ்ட்களுக்குத் திருத்தும் அனுமதி கொடுத்திருந்தால் தெரியும். கொடுக்காவிட்டால் உங்கள் காலண்டரில் மட்டும் மாறும். அவுட்லுக்கில் நீங்கள் மாற்றுவது உங்கள் பிரதியைத்தான். அமைப்பாளரிடமிருந்து அடுத்த அப்டேட் வந்ததும் உங்கள் திருத்தம் அழிந்துவிடும். சொந்தக் குறிப்புகளை அங்கே எழுதி வைக்காதீர்கள்.

கேள்வி: டீம் முழுவதும் பார்க்கும் பொதுக் காலண்டரில் விடுமுறை, டெட்லைன் எல்லாம் போட்டிருக்கிறோம். அதை மாற்றினாலும் மெயில் போகுமா?

கெஸ்ட் யாரையும் சேர்க்காத நிகழ்வு என்றால் அழைப்பு என்ற பேச்சே இல்லை. யாராவது தங்கள் செட்டிங்ஸில் அந்தக் காலண்டருக்கு மாற்ற அறிவிப்பைத் தேர்ந்திருந்தால் அவருக்கு மட்டும் போகும். வெறும் தகவலுக்கு எல்லாரையும் கெஸ்டாகச் சேர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: நிரல் எழுதி நூறு மீட்டிங்குகளைத் திருத்தப் போகிறேன். கூகுள் காலண்டர் ஏபிஐ.

ஏபிஐ என்பது நிரல்கள் காலண்டரோடு பேசும் வழி. அதில் "சென்ட்அப்டேட்ஸ்" என்ற அளவுருவுக்கு மூன்று மதிப்புகள்: "ஆல்" என்றால் எல்லாருக்கும், "எக்ஸ்டர்னல்ஒன்லி" என்றால் கூகுள் காலண்டர் இல்லாதவர்களுக்கு மட்டும், "நன்" என்றால் யாருக்கும் இல்லை. உங்களுக்கு ஏற்றது பெரும்பாலும் நடுவில் இருப்பதுதான். உள்ளே இருப்பவர்களுக்கு மெயில் இல்லாமலே தெரியும், வெளியே இருப்பவர்களுக்கு மெயில் போய்ச் சேரும். "நன்" போட்டால் வெளிக் காலண்டர்களில் நிகழ்வு ஒத்திசையாமல் போகலாம், சிலருக்குத் தொலைந்தேகூடப் போகலாம் என்று கூகுளே எச்சரிக்கிறது. முதலில் உங்கள் சொந்த முகவரிகள் இரண்டை வைத்துச் சோதனை மீட்டிங் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: முடிந்துபோன மீட்டிங்கை அழிக்கணும்.

கூகுளில் மெயில் அனுப்பாமல் அழிக்கலாம். ஆனால் நடக்கவிருக்கும் மீட்டிங்கை அழிக்கும்போது கட்டாயம் ரத்து மெயில் அனுப்புங்கள். அவுட்லுக்கில் ரத்து அனுப்பாமல் அமைப்பாளர் அழித்துவிட்டால் மற்றவர்கள் காலண்டரில் அது அநாதையாக நிற்கும், பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாக அழிக்க வேண்டும்.

கேள்வி: நான் மெயில் வாங்குகிற பக்கம் இருக்கிறேன். தினம் இருபது அப்டேட். நானே நிறுத்திக்கொள்ள முடியுமா?

கூகுள் காலண்டர் செட்டிங்ஸில் உங்கள் காலண்டரைத் திறந்து அறிவிப்புப் பகுதிக்குப் போங்கள். புதிய நிகழ்வு, மாறிய நிகழ்வு, ரத்தான நிகழ்வு, கெஸ்ட் பதில் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும். கெஸ்ட் பதிலை முதலில் நிறுத்துங்கள், அதிலேயே பாதி குறையும். ரத்தான நிகழ்வுக்கான மெயிலை மட்டும் நிறுத்தாதீர்கள். அப்படியும் குறையவில்லையென்றால், அதிகம் அனுப்புகிற அமைப்பாளரிடம் அஜெண்டாவுக்குத் தனி ஆவணம் வைக்கச் சொல்லிப் பாருங்கள்.