கம்பைல் ஆகிறது, விசைப்பலகைதான் கேட்கவில்லை: க்யூஎம்கே கேள்வி பதில்

விசைப்பலகைக்குள் ஓடும் மென்பொருளான க்யூஎம்கே (QMK) ஃபர்ம்வேரைத் தாங்களே கம்பைல் செய்து (மூல நிரலை ஏற்றத்தக்க கோப்பாக மாற்றி) விசைப்பலகையில் ஏற்றுபவர்கள் கேட்டவற்றில், திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். "விசைப்பலகை செத்துவிட்டது" என்று எழுதியிருந்தவர்களே அதிகம். அவர்களுடைய பலகைகளில் மிகப் பெரும்பாலானவை சாகவில்லை. கம்பைல் நின்றதா, பூட்லோடர் (புது ஃபர்ம்வேரை வாங்கி எழுதும் சிறு நிரல்) தென்படவில்லையா, ஏற்றம் பாதியில் அறுந்ததா, ஏற்றிய பிறகு விசைகள் பிசகுகின்றனவா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். பயம் பாதியாகக் குறைந்துவிடும்.

கேள்வி: கீமேப்பில் (எந்த விசை எதைச் செய்யும் என்ற பட்டியலில்) இரண்டு விசைகளைத்தான் மாற்றினேன். கம்பைல் செய்தால் திரை நிறையப் பிழைகள். கடைசியில் 'லேஅவுட்' அறிவிக்கப்படவில்லை என்கிறது. லேஅவுட்டை நான் தொடவே இல்லையே?

பதில்: கடைசிப் பிழையை விடுங்கள், முதல் பிழைக்கு ஏறிப் போங்கள். 'லேஅவுட் மேக்ரோவுக்கு 61 மதிப்புகள் தேவை, 60 மட்டுமே தரப்பட்டுள்ளன' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். லேஅவுட் மேக்ரோ என்பது கீமேப்பில் விசைக் குறியீடுகளை வரிசையாக வாங்கிக்கொள்ளும் அச்சு. கீழே இருப்பவை எல்லாம் அந்த முதல் பிழையின் வால்கள். நீங்கள் மாற்றிய இடத்தில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது. இரண்டு விசைக் குறியீடுகளுக்கு நடுவே காற்புள்ளி இல்லையென்றால் கம்பைலர் இரண்டையும் ஒரே மதிப்பாக எண்ணிவிடும். எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு: கடைசி விசைக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி ஒட்டியிருந்தால் 62 வந்துவிட்டது என்று சொல்லும்.

கண்டுபிடிக்க எளிய வழி, கீமேப்பை விசைப்பலகையின் வரிசைப்படியே அடுக்கி எழுதி, வரி வரியாக எண்ணுவது. வழக்கமான 61 விசைப் பலகையில் மேலிருந்து கீழே 14, 14, 13, 12, 8 என்று வரும். ஏதாவது ஒரு வரியில் எண்ணிக்கை இடித்தால் பிழை அங்கேதான் இருக்கிறது. எல்லா லேயர்களையும் (அதே விசைகளுக்கு வேறு வேலை தரும் அடுக்குகளை) எண்ணுங்கள். பலர் முதல் லேயரோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் நன்றாக ஓடிய கீமேப் இப்போது 'ரீசெட்' என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறது.

பதில்: உங்கள் கோப்பு மாறவில்லை, க்யூஎம்கே மாறிவிட்டது. 2022-இல் பல விசைக் குறியீடுகளுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். பூட்லோடருக்குள் போகும் 'ரீசெட்', 'க்யூகே பூட்' ஆயிற்று. பெயரை மாற்றினால் போதும். பழைய நகலைப் புதுப்பித்தவர்கள் துணைத் தொகுப்புகளையும் (க்யூஎம்கே நம்பியிருக்கும் வெளி நூலகங்களையும்) சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் எழுதாத நூலகக் கோப்புகளிலிருந்து பிழைகள் கிளம்பும். 'க்யூஎம்கே டாக்டர்' கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். கம்பைலரில் குறையா, துணைத் தொகுப்பில் குறையா என்று அதுவே சொல்லிவிடும்.

கேள்வி: எல்லாம் சரியாகக் கம்பைல் ஆகி, கடைசியில் ஃபர்ம்வேர் அளவுக்கு மீறிவிட்டது, 28672-க்கு மேல் போகிறது என்கிறது. எதை வெட்டுவது?

பதில்: உங்களுடையது ஏடிமெகா32யூ4 சிப். அதன் ஃபிளாஷ் நினைவகம் 32 கிலோபைட், அதாவது 32768 பைட். அதில் 4096 பைட்டை பூட்லோடர் எடுத்துக்கொள்வதால் மிச்சம் 28672. கம்பைலரிடம் மன்றாடி இதற்கு மேல் ஒரு பைட்கூட வாங்க முடியாது.

முதலில் ரூல்ஸ் கோப்பில் (rules.mk) 'எல்டிஓ எனேபிள்' (கம்பைல் செய்யும்போதே கோப்பைச் சுருக்கும் வசதி) என்பதை 'யெஸ்' (yes) ஆக்குங்கள். எந்த வசதியையும் இழக்காமல் கணிசமான இடம் கிடைக்கும் என்பதால் இதைத்தான் எப்போதும் முதலில் சொல்வேன். பிறகு பிழை தேட உதவும் கன்சோல், கமாண்ட் இரண்டையும் அணையுங்கள். சோதனைக் காலம் முடிந்தபின் அவை தேவையில்லை. அதற்கும் அடங்கவில்லையென்றால் மவுஸ் விசைகள், மேஜிக் (விசைகளை இடம் மாற்றும் வசதி), ஸ்பேஸ் கேடட் (ஷிஃப்டைத் தட்டினால் அடைப்புக்குறி தரும் வசதி) ஆகியவற்றில் நீங்கள் பயன்படுத்தாதவற்றை நீக்குங்கள். விளக்கு அலங்கார அசைவுகள் நிறைய இடம் தின்பவை. ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லேயர்களைக் குறைப்பதற்கு அவசரப்பட வேண்டாம். தினமும் விரல்கள் தேடுவது லேயரைத்தான், விளக்கை அல்ல.

கேள்வி: என் விசைப்பலகையின் மூளை புரோ மைக்ரோ என்ற சிறு போர்டு. ரீசெட் செய்கிறேன், கணினி அதைப் பார்க்கவே இல்லை. கருகிவிட்டதா?

பதில்: கருகியிருக்க வாய்ப்பு குறைவு. முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் கேபிளில் தரவுக் கம்பிகளே இருக்காது. விளக்கு எரியும், கணினிக்கு எதுவும் தெரியாது.

கேபிள் சரியென்றால் அடுத்தது நேரம். இந்த போர்டின் பூட்லோடர் சுமார் 8 விநாடிதான் காத்திருக்கும், பிறகு பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பிவிடும். ஆகவே ஏற்றும் கட்டளையை முன்பே ஓடவிட்டுக் காத்திருக்க வையுங்கள். பின்னர் ரீசெட் முனையையும் கிரவுண்டையும் ஒரு சிறு கம்பியால் அடுத்தடுத்து இரண்டு முறை சட்டென்று தொடுங்கள். ஒருமுறை தொட்டால் பல போர்டுகள் சாதாரணமாக மறுதொடக்கம் மட்டுமே செய்யும்.

லினக்ஸில் இன்னும் இரண்டு தடைகள் உண்டு. யூடெவ் விதிகள் (எந்தச் சாதனத்தை யார் தொடலாம் என்று சொல்பவை) இல்லையென்றால் அனுமதி மறுக்கப்படும். க்யூஎம்கே தொகுப்பிலேயே அதற்கான கோப்பு இருக்கிறது, அதை நகலெடுத்து விதிகளை மறுபடி ஏற்றுங்கள். மற்றது மோடம்மேனேஜர். புதிதாகத் தோன்றும் சீரியல் போர்ட்டை மோடம் என்று எண்ணி அது பிடித்துக்கொள்ளும், அந்த 8 விநாடி வீணாகிவிடும். மோடம் பயன்படுத்தாதவர்கள் அதை நிறுத்திவைக்கலாம்.

கேள்வி: விண்டோஸில் ஸாடிக் கொண்டு டிரைவர் மாற்றினேன். அதிலிருந்து ஒரு எழுத்தும் விழவில்லை.

பதில்: பூட்லோடர் நிலைக்குப் போகாமலே, பட்டியலில் இருந்த விசைப்பலகையையே தேர்ந்தெடுத்து டிரைவரை மாற்றியிருக்கிறீர்கள். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை, விண்டோஸ்தான் அதை விசைப்பலகையாக நடத்த மறுக்கிறது. வேறொரு விசைப்பலகையைச் செருகி, டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை அதன் டிரைவரோடு சேர்த்து நீக்கிவிட்டு, மறுபடி செருகுங்கள். அடுத்த முறை பூட்லோடர் நிலையில் தோன்றும் சாதனத்துக்கு மட்டும் டிரைவர் மாற்றுங்கள்.

கேள்வி: ஆர்பி2040 சிப் உள்ள போர்டில் யூஎஃப்2 வடிவ ஃபர்ம்வேர் கோப்பை நகலெடுத்ததும் டிரைவ் மறைந்து, முறையாக வெளியேற்றவில்லை என்று எச்சரிக்கை வருகிறது.

பதில்: ஏற்றம் வெற்றி என்பதற்கு அடையாளமே அதுதான். கோப்பு எழுதப்பட்டதும் போர்டு தானாக மறுதொடக்கம் செய்கிறது. இந்தச் சிப்பின் முதல் பூட்லோடர் அழிக்க முடியாத ரோமில் இருக்கிறது. எவ்வளவு மோசமான ஃபர்ம்வேரை ஏற்றினாலும், பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டே செருகினால் டிரைவ் மறுபடி வந்துவிடும்.

கேள்வி: வெற்றி என்று வருகிறது, ஆனால் பழைய கீமேப்தான் ஓடுகிறது.

பதில்: ஏற்றிய கோப்பின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். உங்கள் கீமேப்புக்குப் பதில் 'டிஃபால்ட்' கம்பைல் ஆகியிருக்கலாம், அல்லது வேறு கோப்புறையிலிருந்த பழைய கோப்பை எடுத்திருக்கலாம். கோப்பு சரியென்றால் ஈஈப்ராமை (மின்சாரம் போனாலும் அமைப்புகளை மறக்காத நினைவகத்தை) சந்தேகியுங்கள். வியா (ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றாமலே விசைகளை மாற்றும் செயலி) பயன்படுத்துபவர்களின் கீமேப் அங்கேதான் பதிவாகிறது. அந்தப் பழைய பதிவு புதியதை மறைக்கக்கூடும். பூட்மேஜிக் இயங்கும் பலகையென்றால், வழக்கமாக இடது மேல் மூலையில் இருக்கும் விசையை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகுங்கள். ஈஈப்ராம் அழிந்து பலகை பூட்லோடருக்குப் போகும். வியாவில் செய்த மாற்றங்களை முன்பே சேமித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையால் கம்பியிழுத்துக் கட்டிய பலகை. ஏறிவிட்டது, ஒரு விசையும் வேலை செய்யவில்லை.

பதில்: ஒன்றுமே வேலை செய்யவில்லையென்றால் டயோடு (மின்சாரத்தை ஒரே பக்கமாக விடும் உறுப்பு) திசை. கருப்புக் கோடு உள்ள முனை குறுக்கே ஓடும் வரிசைக் கம்பியின் பக்கம் இருந்தால் 'கால் டு ரோ' (COL2ROW), நெடுக்கே ஓடும் நிரல் கம்பியின் பக்கம் இருந்தால் 'ரோ டு கால்' (ROW2COL). சாலிடரைத் தொடாமல் கோப்பில் அந்த ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு நெடுக்கு நிரல் மட்டும் ஊமையென்றால், அந்தக் கம்பி சேரும் போர்டு முனையின் (pin) பெயரைப் பாருங்கள். புரோ மைக்ரோவில் 2 என்று அச்சிட்டிருப்பது க்யூஎம்கேவுக்கு டி1, 3 என்பது டி0, ஏ0 என்பது எஃப்7. அச்சில் உள்ளதை அப்படியே எழுதினால் பொருந்தாது.

கேள்வி: பிளவு விசைப்பலகையில் இடது பாதி சரி, வலது பாதி பேசவில்லை.

பதில்: இரண்டு பாதிகளிலும் ஒரே ஃபர்ம்வேரை ஏற்றினீர்களா? ஒன்றில் மட்டும் புதுப்பித்தால் இப்படித்தான் ஆகும். இரண்டையும் இணைக்கும் டிஆர்ஆர்எஸ் கேபிளை (ஹெட்ஃபோன் பிளக் போன்ற முனையுள்ளது) யூஎஸ்பி செருகியிருக்கும்போது ஒருபோதும் பிடுங்கவோ செருகவோ கூடாது. அந்தப் பிளக் நுழையும்போது முனைகள் ஒன்றோடொன்று உரசிக் குறுக்குச் சுற்று ஏற்பட்டு, சிப் உண்மையாகவே கருகலாம். முதலில் யூஎஸ்பியை எடுங்கள், பாதிகளைப் பிரியுங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியே கணினியில் செருகி ஏற்றுங்கள், டிஆர்ஆர்எஸ்ஸை இணைத்த பிறகே யூஎஸ்பியைச் செருகுங்கள்.