கணினி கேள்வி–பதில்: முதல் பிழை எங்கே இருக்கிறது?

கேள்வி: லோ யாட் பிளாசாவில் வாங்கிய பழைய மடிக்கணினியில், 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' கையேட்டைப் பார்த்து மூலநிரலிலிருந்தே லினக்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறேன். நினைவகம் 4 ஜிபி. ஒரே நேரத்தில் 8 வேலைகள் ஓடும்படி, தொகுப்பை நடத்தும் 'மேக்' கட்டளை கொடுக்கிறேன். மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் ஜிசிசி கம்பைலரைத் தொகுக்கும்போது மூன்று இரவுகளாக 'எரர் 2' என்று நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கிறது. இறக்கிய கோப்பு கெட்டுப்போயிருக்குமா?
— வாசகர், செந்தூல்

பதில்: கோப்பு கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கும், தம்பி. இடம் மாறி மாறி நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

'எரர் 2' என்பது நோய் அன்று. உள்ளே ஏதோ ஒரு வேலை விழுந்துவிட்டது என்று 'மேக்' கடைசியில் சொல்லும் செய்தி, அவ்வளவுதான். எட்டு வேலைகள் ஒன்றாக ஓடும்போது, விழுந்த வேலை சொன்னது நூறு வரிகளுக்கு மேலே புதைந்து கிடக்கும். அதனால் திரையில் வருவதையெல்லாம் 'டீ' கட்டளை மூலம் ஒரு கோப்பில் பிடித்து வையுங்கள். பிறகு கடைசி வரியை விட்டுவிட்டு, 'எரர்' என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தைத் தேடுங்கள். அதன் அருகில் 'கில்ட்' என்றும் 'சிசி1பிளஸ்' (ஜிசிசியின் சி++ பகுதி) என்றும் இருந்தால் ஐயமே வேண்டாம், நினைவகம் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் லினக்ஸின் மையநிரலான கெர்னலே அதிகம் தின்னும் வேலையைப் பார்த்து நிறுத்தியிருக்கிறது.

8-ஐ 2 ஆகக் குறையுங்கள். நினைவகம் போதாதபோது கைகொடுக்க, வட்டில் 4 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் கோப்பும் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்ற ஜிசிசி அடைவை அப்படியே அழித்துவிட்டு, மூலப் பொதியைப் புதிதாகப் பிரியுங்கள். ஜிசிசிக்குத் தேவையான கணித நூலகங்களான ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி மூன்றையும் அதனுள் மீண்டும் வைக்க மறக்காதீர்கள். பழைய அடைவிலேயே ஒட்டுப்போட்டு ஓட்டினால், பின்னால் வரும் பிழை எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கையேடு நான்கு கோர்களும் 8 ஜிபியும் இருப்பது நல்லது என்கிறது. உங்களிடம் இருக்கும் நினைவகம் அதில் பாதி. நேரம் கூடும், ஆனால் முடியும்.

இன்னொன்று. புதிய லினக்ஸ் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதை எல்எஃப்எஸ் என்ற மாறிதான் சொல்கிறது. தொடங்குமுன் 'எக்கோ' கட்டளை கொடுத்து அதன் மதிப்பைப் பாருங்கள். 2009-இல் ஜெலுத்தோங்கில் ஒரு வாடகை அறையில் நான் முதன்முதலாகக் கட்டியபோது, நடுவில் முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக மாறினேன். அந்த மாறி வெறுமையாகிவிட்டதைக் கவனிக்கவில்லை. வட்டின் புதிய பகிர்வுக்கு (பார்ட்டிஷன்) போக வேண்டிய கோப்புகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்த கணினியின் மேலேயே இறங்கின. மறுநாள் அது எழவே இல்லை. அன்று முதல் அந்த ஒரு வரியைப் பார்க்காமல் நான் எதையும் நிறுவுவதில்லை.

கேள்வி: என் மகன் படிவம் 5 மாணவன். இலவசமாகவே கிடைக்கும் லினக்ஸை நள்ளிரவு வரை உட்கார்ந்து கட்டுகிறான். ஒரே கம்பைலரை மூன்று முறை தொகுக்க வேண்டுமாம். இது வீண் வேலை இல்லையா?
— ஒரு தாயார், பட்டர்வொர்த்

பதில்: வீண் இல்லை, அம்மா. வீட்டில் தயிர் தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்குகிறோம். முதல் நாள் தயிரில் அவர்கள் வீட்டுப் புளிப்புத்தான் இருக்கும். அதிலிருந்து எடுத்து நம் பாலில் உறை ஊற்றி, மறுநாளும் ஊற்றினால் நம் வீட்டுத் தயிராகிறது. கம்பைலரைத் தொகுக்கவும் ஒரு கம்பைலர் வேண்டும். முதலாவதை ஏற்கெனவே இருக்கும் லினக்ஸிடம் கடன் வாங்கித்தான் செய்ய முடியும். பழைய கணினியின் சாயல் புதியதில் ஒட்டாதிருக்கவே இத்தனை சுற்று. இதைத் தன் கையால் செய்து பார்க்கும் பிள்ளை, கணினியில் எது எதன் மேல் நிற்கிறது என்பதை நேரில் காண்கிறான்.

ஆனால் தூக்கத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். கடைசிச் சுற்று ஜிசிசியைச் சோதனைகளோடு ஓட்டினால் பல மணி நேரம் பிடிக்கும். பக்கத்தில் காவல் இருக்கத் தேவையில்லை. காலையில் தொடங்கிவிட்டுப் பள்ளிக்குப் போகட்டும். பாடவேலைக்கு வழக்கமான ஒரு லினக்ஸை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தானே கட்டியதில் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்தையும் அவனேதான் தொகுத்துப் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: கட்டி முடித்துவிட்டேன். ஆனால் வரைகலை இல்லாத கருந்திரையில் தமிழ்க் கோப்பைத் திறந்தால் வெறும் கட்டங்கள்தான் தெரிகின்றன. என்ன செய்வது?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: அந்தக் கருந்திரையோடு போராடாதீர்கள். அது 512 எழுத்து வடிவங்களுக்கு மேல் ஏற்காது. தமிழ் எழுத்தைக் கோக்கவும் அதற்குத் தெரியாது. 'கொ' என்பது கோப்பில் ககரமும் அதன் பின் ஒகரக் குறியுமாக இருக்கிறது. திரையிலோ அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். வரைகலைத் திரையில் இதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். அதற்கு எழுத்துருவை வரையும் ஃப்ரீடைப் நூலகம் வேண்டும். ஃப்ரீடைப்போ ஹார்ஃப்பஸைத் தேடும். முதலில் ஃப்ரீடைப்பைத் தனியாகத் தொகுத்து, பிறகு ஹார்ஃப்பஸ், அதன்பின் மறுபடியும் ஃப்ரீடைப் என்று போங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டால் எழுத்து வந்துவிடும்.

வட்டார அமைப்புக்கு (லொகேல்) வந்தால், லினக்ஸின் அடிப்படை நூலகமான கிலிப்சியில் தமிழுக்கு இந்தியா, இலங்கை என இரண்டுதான் உண்டு. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் பிறந்த மலேசியாவின் தமிழுக்கு அங்கே இடமில்லாதது எனக்கு உறுத்துகிறது. வட்டார அமைப்பு என்பது சாதாரண உரைக்கோப்புத்தான். மொழிப் பகுதியை இந்தியத் தமிழிலிருந்தும், ரிங்கிட்டையும் முகவரி முறையையும் மலேசிய மலாயிலிருந்தும் எடுத்து ஒன்று எழுதிப் பாருங்கள். எழுதியதை இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். என் கணினியில் தொகுத்துப் பார்த்து அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.